வேதத்தில் இல்லாத வசனம்

காலையில் கேட்ட வசனத்தைப் பொழுது சாய்வதற்குள் செய்துவிட வேண்டும். அக்காவிடம் இருந்த ஒரே பிடிவாதம் அதுதான். சாப்பாட்டில், துணிமணியில், மனிதர்களிடத்தில் எதிலும் அவருக்குப் பிடிவாதம் கிடையாது. வசனத்தை மட்டும் மறுநாளைக்கு ஒத்திவைக்க மாட்டார்.

அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரில் அவரைத் தபால் ஆபீஸ் அம்மா என்றார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் அந்த ஊரின் சின்னத் தபால் நிலையத்தை நெடுங்காலம் ஒற்றை ஆளாக நடத்தியவர். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்ட பிறகு வேலையை விட்டுவிட்டார். புருஷன் எப்போதோ போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. லுத்தரன் கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு, வாய்க்கால் கரையில் ஒன்றரை ஏக்கர் வயல்.

வேளாண்மை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு தர யாரும் முன்வராமல் நான் அலைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஊர் என்ன, குலம் என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "முன் அறை காலியாத்தான் கிடக்கு. வந்து இரும்மா" என்றார். பல மாதம் கழித்து ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்குக் காலைல அந்நியரை உள்ள சேக்கச் சொல்லி வந்துச்சு. சாயங்காலம் நீ வந்து நிக்கிற. வேற பகுதி வந்திருந்தா வீடு இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன். நானும் பயந்தவதான்."

நானும் கூடவே சிரித்தேன். ஆனால் அறைக்கு வந்து படுத்தபோது, நான் தங்கியிருப்பது யாரோ கிழித்த ஒரு நாட்காட்டித் தாளின் தயவில் என்று தோன்றியது.

முன்பு அவருக்கு வாசித்துக் காட்டிய பக்கத்து வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டதால், வாசிக்கும் வேலை முதல் வாரத்திலேயே எனக்கு வந்தது.

"நீ சாமி கும்பிடுற பொண்ணு. உனக்குச் சங்கடமா இருந்தா வேணாம்."

"படிக்கிறதுல என்னக்கா இருக்கு" என்றேன்.

காலை ஆறரைக்கு முகம் கழுவி, தலை வாரி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவரில் தினசரி நாட்காட்டி தொங்கும். நான் முந்தைய நாளின் தாளைக் கிழித்துவிட்டு, புதிய தாளில் அன்றைக்கு எந்த அதிகாரம் என்று பார்த்து, பெரிய வேதப்புத்தகத்தில் அதைத் தேடி எடுத்து முழுவதும் வாசிப்பேன். புரியாத இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வார். முடிந்ததும் கையைக் கூப்பி, "வழி சொன்னதுக்கு ஸ்தோத்திரம்" என்பார். பக்தி பொங்கும் குரல் இல்லை அது. தெரியாத ஊரில் எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று யாரோ சொன்னதற்குச் சொல்லும் நன்றி போலத்தான் இருக்கும்.

அறுவடைக் காலத்தில் ஒருநாள், வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல் ஏழைகளுக்கு விடவேண்டும் என்று வந்தது. அன்றுதான் அறுவடை மெஷின் வரவிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போய் நின்றார். மெஷின்காரர் எங்கள் சேலத்துப் பக்கத்து ஆள்.

"நாலு மூலையையும் விட்ருப்பா."

"மூலைல மெஷின் திரும்பாதும்மா. தானா கொஞ்சம் நின்னுரும். ஆள விட்டு அறுத்துப் போட்டா அதையும் அடிச்சுத் தந்துர்றேன்."

"அறுக்க வேணாங்கிறேன். நீ மெஷின இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளியே திருப்பு."

மெஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மத்தியானம் கூலிக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் அரிவாளோடு வந்தார்கள். "நாளைக்கு யாரும் திருடுனோம்னு சொல்ல மாட்டாங்களேம்மா" என்று ஒருத்தி கேட்டாள். அவர்கள் அறுத்துக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு போகும்வரை அக்கா அந்த வெயிலில் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். கேட்பவர்கள் அவரைத்தானே முதலில் கேட்கவேண்டும்.

இன்னொரு சமயம் பக்கத்து வயல்காரரோடு மடைத் தண்ணீரில் தகராறு. அவருடைய முறையில் மடையை அக்காவின் ஆள் திறந்துவிட்டான். அந்த ஞாயிறு காலை வாசித்தது, மனத்தாங்கல் உள்ளவன் முதலில் போய்ச் சமாதானமாகிவிட்டு வந்து காணிக்கை செலுத்தவேண்டும் என்ற பகுதி. கோயிலில் காணிக்கைப் பை பக்கத்தில் வந்ததும் அக்கா எழுந்துவிட்டாராம். ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே அந்த வயல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அவர் பதறிப்போய்விட்டார்.

"மடையத் திறக்கச் சொன்னது நான்தான். ஆளு தெரியாம செஞ்சிட்டான்னு சொன்னது பொய்."

"அதுக்காகப் பாதிக் கோயில்ல எந்திரிச்சு வருவாங்களாம்மா?"

"காணிக்கை போடணும்ல. அதான் வந்தேன்."

அந்த மனிதர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்துக் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், ஏதோ தனக்கு வந்த மரியாதையைப் போல.

செய்வதற்கு ஒன்றுமே சொல்லாத பகுதிகளும் வரும். ஒருநாள் வெறும் பெயர் வரிசை. இன்னாருடைய மகன் இன்னார் என்று ஒரு பக்கம் முழுக்க வாசித்து முடித்து, "இன்னைக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "இல்லாம இருக்காது" என்றார். பத்து மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தான் ரொம்ப நாளாகப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவர்கள் யார் யார் என்று யோசித்து யோசித்துச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் போன் போடச் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் பெயர்களாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

நான் வந்து ஒரு வருடம் கழிந்து, ஐப்பசி முடியும் சமயத்தில் புயல் வந்தது.

அன்று விடிந்ததிலிருந்தே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஓட்டு வீடு, கூரை வீட்டில் இருப்பவர்கள் இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடவேண்டும். நான் மேட்டுக்காட்டில் பிறந்தவள். கடல் பக்கமிருந்து வரும் காற்று எப்படி இருக்கும் என்று கேள்விப்பட்டதோடு சரி. வானம் அலுமினியப் பாத்திரம்போல் வெளுத்துக் கிடந்தது. ஒரு காகத்தையும் காணோம். துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றேன்.

"கிளம்பிரலாம்க்கா."

"மொதல்ல வாசி. போகச் சொன்னா போவோம். இருக்கச் சொன்னா இருப்போம். ஒண்ணும் சொல்லலேன்னா இருக்கற எடத்துலயே இருக்கறது. முன்னாடி வந்த புயலுக்கெல்லாம் இந்த வீட்டுலதான் இருந்தேன்."

நாட்காட்டியைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பினேன். கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்ட பகுதி. இந்த ஆற்றிலிருந்து அந்த மலை வரைக்கும், அந்தப் பட்டணத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வரைக்கும், எல்லை, எல்லை, ஊர்ப்பெயர்கள். போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. கண் தெரியாத ஒருத்தரை விட்டுவிட்டு என்னால் போக முடியாது. அவரோடு அங்கே இருக்கவும் தைரியம் இல்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னேன்:

"நீ எழுந்து, உன் வீட்டின் கதவைப் பூட்டி, உன் ஜனத்தோடேகூடப் புறப்பட்டுப்போ, விடியற்காலத்திலே நான் உன்னைத் திரும்பி வரப்பண்ணுவேன்."

ஒரு வருடம் நாள் தவறாமல் வாசித்திருந்தேன். அந்த நடை எனக்குத் தடங்கலில்லாமல் வந்தது. அவர் முகம் அப்படியே என் பக்கம் திரும்பியது.

"இன்னொரு தடவ வாசிம்மா."

மறுபடியும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன வருசமா கேக்குறேன், இது காதுல விழுந்ததே இல்ல. இன்னைக்குன்னு வச்சிருந்திருக்கார் பாரு. வழி சொன்னதுக்கு ஸ்தோத்திரம்."

பத்து நிமிடத்தில் மாத்திரைகளையும் ஒரு மாற்றுப் புடவையையும் எடுத்துக்கொண்டு, தன் கையாலேயே கதவைப் பூட்டினார்.

விடிந்தபின் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தோம். தெரு தெரியவில்லை. தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. எங்கள் கொல்லைத் தென்னை ஓட்டைப் பிளந்துகொண்டு அக்காவின் கட்டிலின் குறுக்கே கிடந்தது. கட்டில் இரண்டாக முறிந்திருந்தது. நாட்காட்டி தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டது. வேதப்புத்தகம் மட்டும் மர அலமாரிக்குள் இருந்ததால் தப்பியிருந்தது. அக்கா மரத்தைத் தொட்டார், கட்டிலின் முறிந்த சட்டத்தைத் தொட்டார், தலையணை இருந்த இடத்தில் கிடந்த ஓட்டுச் சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்தச் சேற்றிலேயே முழங்காலிட்டார். நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"பாத்தியாம்மா. சொன்னபடியே விடியக்காலைல கூட்டிட்டு வந்துட்டார்."

நான் வெளியே போய் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். உங்கள் புத்தகத்தைக் கேட்டிருந்தால் செத்திருப்பீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறே அவர் கோயிலில் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொன்னார். வசனத்தையும் சொன்னார். பெண்கள் அழுதார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகர், "அந்த வசனம் எந்த அதிகாரத்துலம்மா வருது?" என்று கேட்டார்.

"தங்கச்சியத்தான் கேக்கணும். அதுதான் வாசிச்சுது."

"ஞாபகம் இல்லைங்க. பயத்துல எந்தப் பக்கம்னு கவனிக்கல" என்றேன். இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. போதகர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "மெதுவா பாத்துச் சொல்லுங்க" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடு மாற்ற சிங்கப்பூரிலிருந்து வந்த அக்காவின் அண்ணன் மகன் அத்தைக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் வேதம் முழுவதையும் ஓர் ஆண் குரல் வாசிக்கும். காலையில் வழக்கம்போல் நான்தான் வாசித்தேன். போன் மத்தியானத்துக்கு.

"அந்த வசனத்தப் பிடிச்சிரணும். அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்ன, யாருக்குச் சொன்ன வார்த்தைய நான் எடுத்துக்கிட்டேன்னு தெரிஞ்சுக்கணும்ல. நன்றி சொல்றதுன்னா முழுசா சொல்லணும்."

முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கினார். சாப்பிட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். அலுவலகம் விட்டு நான் வரும்போது கொல்லைப்புறம் வரைக்கும் அந்தக் குரல் கேட்கும். "வந்துச்சாக்கா?" என்று கேட்க நான் துணியமாட்டேன். அவரே சொல்வார்: "இன்னும் வரல."

மாசி போய் பங்குனி போயிற்று. ராஜாக்கள் முடிந்து, சங்கீதங்கள் முடிந்து, தீர்க்கதரிசிகள் முடிந்தார்கள். விடுமுறை நாட்களில் என் அறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். எங்காவது நிஜமாகவே அந்த வார்த்தைகள் வந்துவிடாதா என்று நானும் காத்திருந்தேன். எழுந்து என்று ஒரு சொல் வந்தால் மூச்சு நிற்கும். வாக்கியம் வேறு பக்கம் போய்விடும்.

வைகாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கடைசிப் புத்தகமும் முடிந்தது. குரல் நின்றது.

"எங்கயோ கண் அசந்துட்டேன் போலருக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது கேட்டது. பிறகு பொத்தானை அமுக்கினார். உலகம் உண்டான கதை மறுபடியும் தொடங்கியது.

நான் எழுந்து உள்ளே போனேன். போனை அவர் மடியிலிருந்து எடுத்து நிறுத்தினேன்.

"அது வராதுக்கா."

"எது?"

"நீங்க தேடுற வசனம். புத்தகத்துல இல்ல. நானா சொன்னது."

அவர் கைகள் போன் இருந்த இடத்தில் அப்படியே குவிந்திருந்தன. வெளியே யாரோ மாட்டை அதட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"நீயா சொன்னியா."

"பயமா இருந்துச்சுக்கா. சும்மா கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குப் பயமா இருக்கு, தொணைக்கு வாங்கன்னு நீ கேக்கவே இல்லயேம்மா."

அப்படிக் கேட்கலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாரா? ஐப்பசிக் காற்று கிளம்பும்போதெல்லாம் இப்போதும் இந்த இடத்தில்தான் போய் நிற்கிறேன்.

பிறகு, "அன்னைக்கு நெசமா என்ன பகுதி?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் எனக்கு மறக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வாசித்தேன். ஆறு, மலை, பள்ளத்தாக்கு, ஊர்ப்பெயர்கள். அவர் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டார். முடிந்ததும் கைகூப்பவில்லை.

"இதுல எனக்கு என்ன இருந்துச்சுன்னு அன்னைக்குக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்பத் தெரியல" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் போனபோது அந்த ஆண் குரல் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அன்றைய அதிகாரத்தைப் போடச் சொல்லியிருந்தார். நான் உட்காரும் முக்காலி சுவரோரம் நகர்த்தப்பட்டிருந்தது. "வாம்மா, அடுப்புல காப்பி இருக்கு, ஊத்திக் குடி" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிறு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார்.

"புயலப்போ ஒரு வசனம் கேட்டேன்னு இங்க சொன்னேன். அது வேதத்துல இல்ல. என் காதுல விழுந்தது ஒரு பொண்ணோட பயம். அது மூலமாவும் ஆண்டவர் என்னைய எழுப்பினார்னு சொல்ல எனக்கு ஆசையாத்தான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியல. தெரியாதத சாட்சியா சொல்லக் கூடாது. முன்னாடி சொன்னத எடுத்துடுங்க."

யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவருக்கு வாசிப்பது யார் என்று எல்லாருக்கும் தெரியும். பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "இருந்தாலும் அதுதானேம்மா ஒங்களக் காப்பாத்துச்சு" என்றார்.

"காப்பாத்துனது யாருன்னு எனக்குத் தெரியும்யா. எதச் சொல்லிக் காப்பாத்துனார்னுதான் தெரியல."

உட்கார்ந்து, தேடிப்பிடித்து என் கையைப் பற்றிக்கொண்டார். பாட்டு முடியும்வரைக்கும் விடவில்லை. நான் மன்னிக்கப்பட்டுவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். மன்னித்துத்தான் இருந்தார். மீன் குழம்பு வைத்தால் எனக்கு எடுத்துவைக்காமல் சாப்பிட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது தடவித் தடவி நடந்துவந்து நெற்றியில் ஈரத்துணி போட்டார். வயலுக்குப் போக, மருந்துக் கடைக்குப் போக, என் தோள்தான் வேண்டியிருந்தது. ஆனால் வாசிக்கச் சொல்லவில்லை. ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூட எதிர்வீட்டுப் பெண் வரும்வரை வைத்திருந்து அவளிடம் கொடுத்தார்.

அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளன்று மழை. முந்தைய நாளிலிருந்தே கரண்ட் இல்லை. சாமானை வேனில் ஏற்றிவிட்டு உள்ளே போனேன். அக்கா முகம் கழுவி, தலை வாரி, முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் சார்ஜ் இல்லை. எதிர்வீட்டுப் பெண் ஊரில் இல்லை. புத்தகம் மேஜைமேல் இருந்தது. மணி ஏழு ஆகியிருந்தது.

எனக்காக ஜெபம் செய்தார். என் தலையில் கைவைத்து, போகிற இடத்தில் நல்ல மனுஷர்கள் கிடைக்கவேண்டும் என்று கேட்டார். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றி, உடையாமல் எங்கே வைக்கவேண்டும் என்றும் சொன்னார். வாசல்வரைக்கும் போன நான் திரும்பி வந்தேன்.

"நான் வாசிக்கட்டுமாக்கா? இன்னைக்கு ஒருநாள்."

அவர் கை மேஜைமேல் போய்ப் புத்தகத்தின் அட்டையில் நின்றது. மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"வேணாம்மா. வழி தெரியாத நாளா ஒருநாள் இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.